லெனோராவுக்காக நின்றவள்

விளக்கு நகர்ந்திருந்தது.

ஒரு தட்டையும் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்த தெல்மாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஜன்னலோரச் சாய்வு நாற்காலிக்கு வலப்பக்கம், படிப்பதற்குத் தோதாக அவளே கொண்டுவந்து வைத்த நெட்டைக்கால் விளக்கு. இப்போது அது இடப்பக்கம் நின்றது. அதன் துணிக்கூடு கொஞ்சம் சாய்ந்து, வெளிச்சம் மேலேயிருந்து இடதுபக்கமாக நாற்காலியின் தலைமாட்டில் மட்டும் விழுந்தது. நாற்காலியின் மற்ற பாகமெல்லாம் நிழல். வெளியே இன்னும் சரியாக இருட்டக்கூட இல்லை. பாலைவனத்துச் சூட்டுக் காற்று யூகலிப்டஸ் மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தை எங்கே பார்த்தாலும் தெல்மாவுக்குத் தெரியும். பாதி ஆயுளை அதற்குள் நின்று கழித்தவள் அல்லவா? அது நடிகை லெனோரா வேன்ஸின் வெளிச்சம். மூக்கின் நிழல் உதட்டைத் தொடாது. இடது கன்னத்து எலும்பு மட்டும் எடுப்பாக எழும்பும். தாடைக்குக் கீழே தொங்க ஆரம்பித்த சதை இருட்டுக்குள் போய்விடும். உலகமே வாயைப் பிளந்துகொண்டு பார்த்த முகம், அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் ஒரு சுரங்கத் தொழிலாளி மகளின் சாதாரண முகம்தான்.

"ஆர்லோ! விளக்கை நீயா நகத்தினே?"

வாசலில் நின்ற காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "எந்த விளக்கை?"

"கூடத்து விளக்கை."

"வந்ததுலேர்ந்து இந்த வண்டிக்கு அடியில மல்லாந்து கிடக்கேன் தெல். எண்ணெய் மூஞ்சியில ஒழுகுது. விளக்காம் விளக்கு! காலம் பூரா விளக்கு தூக்கினது பத்தாதா எனக்கு?"

தெல்மா சிரித்துக்கொண்டாள். தானே மறதியாக நகர்த்தியிருப்போம் என்று விளக்கைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள். மெத்தை சில்லென்று, நனைந்து கிடந்தது.

தெல்மா செய்த வேலையைச் சினிமாக்காரர்களுக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் புரியாது. அவள் அம்மாவுக்கே கடைசிவரை புரியவில்லை. "நடிக்கலைன்னா அங்க என்னதான்டி பண்றே?" என்று கேட்பாள். "நிக்கிறேம்மா" என்பாள் தெல்மா. "நிக்கிறதுக்கா சம்பளம்?" ஆமாம், நிற்பதற்குத்தான் சம்பளம். ஒரு காட்சிக்கு விளக்கு வைத்து முடிக்க எவ்வளவோ நேரம் ஆகும். அத்தனை நேரமும் அனலில் நட்சத்திரத்தை நிறுத்த முடியாது. அதனால் அதே உயரம், அதே நிறம், அதே தலைமுடி உள்ள ஒருத்தியைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட குறியில் நிறுத்தி, அவள் முகத்தை வைத்து எல்லாவற்றையும் சரி செய்வார்கள். எல்லாம் தயாரானதும் உதவி இயக்குநர் மோர்ட்டி கையை வாயில் குவித்து, "முதல் அணி!" என்று கத்துவான். முதல் அணி என்றால் நட்சத்திரங்கள். தெல்மா இரண்டாம் அணி. அந்தச் சத்தம் கேட்ட மறுநொடி குறியை விட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

லெனோரா ஒரு விஷயத்தில் வெகு நாகரிகமானவள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தெல்மா குறியில் நிற்கும்போது அவள் ஒருநாளும் இடித்துக்கொண்டு வந்ததில்லை, தோளைத் தொட்டு நகர்த்தியதில்லை. பின்னால், விளக்கு எட்டாத இடத்தில், சத்தமில்லாமல் காத்திருப்பாள். காட்சிக்கு முன்னால் சுருக்கம் போக, ஐஸ் போட்ட பீங்கான் கிண்ணத்தில் முகத்தை முக்கி எடுக்கிற பழக்கம் அவளுக்கு. ஐஸ் கிண்ணத்தில் இடிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால் அம்மாள் வந்தாயிற்று என்று தெல்மாவுக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குவாள். இடம் காலியானதும் லெனோரா வந்து நிற்பாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரு கணம்கூடச் சேர்ந்து நின்றது கிடையாது.

பிறந்தபோது லெனோராவின் பெயர் ஆக்னஸ் குபியாக். கம்பெனிக்காரர்கள் பெயரை மாற்றினார்கள், பல்லை மாற்றினார்கள், நெற்றி முடியைப் பிடுங்கி நெற்றியையே மாற்றினார்கள். மூன்று புருஷன்மார், எண்ணிக்கையில்லாத படங்கள், வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகக் கடிதம். ஒரு படத்தில், ரயில் நிலையத்தில் திரும்பிப் பாராமல் நடந்து போகிற அவள் முதுகைப் பார்த்து ஒரு தலைமுறையே அழுதது. அந்த முதுகு தெல்மாவுடையது. அன்று லெனோராவுக்குக் கால் சுளுக்கு. இதைத் தெல்மா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்?

படங்கள் நின்றுபோன பிறகும் லெனோரா நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் இந்த மலைமேல் வீட்டுக்குத் தெல்மா வர வேண்டும், ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும். லெனோராவே விளக்கை அப்படியும் இப்படியும் தள்ளிவைத்துச் சரி பார்ப்பாள். பிறகு குளியலறைக்குப் போய் முகத்தை ஐஸில் முக்கிவிட்டு வருவாள். "போதும்மா, நீ எழுந்துக்கோ" என்பாள். தெல்மா எழுந்ததும் அவள் உட்கார்ந்து, எதிரே இல்லாத காமிராவை இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். போன வசந்தத்தில் ஒருநாள் குளியலறைக்குப் போனவள் வரவேயில்லை. தெல்மா வெளிச்சத்தில் உட்கார்ந்தே இருந்தாள். யாரும் எழுந்துக்கோ என்று சொல்லவில்லை. பழக்கதோஷம், வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டாள். கடைசியில் எழுந்து போய்ப் பார்த்தபோது லெனோரா கிண்ணத்தில் முகத்தை வைத்தபடி குப்புறச் சரிந்து கிடந்தாள், ஐஸெல்லாம் கரைந்து போயிருந்தது.

வீட்டைத் தெல்மாவுக்கு எழுதிவைத்திருந்தாள். புருஷன்மாருக்கு இல்லை, அண்ணன் பிள்ளைகளுக்கு இல்லை. வாடகை அறைகளிலேயே காலம் தள்ளிய தெல்மா சாவியைக் கையில் வாங்கிய அன்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அப்புறம் ஆர்லோ. விளக்குக்காரன், மனைவியை இழந்தவன், பெரிய விளக்கைப் போடுவதற்கு முன்னால் "கண்ணை மூடிக்கோ தெல்" என்று ஒருநாள் விடாமல் எச்சரித்தவன். போன மாதம்தான் வாய் திறந்தான். "ஊர் பூரா நான் அவ முகத்துக்கு விளக்கு வச்சேன்னு நினைக்குது. நான் வச்சதெல்லாம் உன் முகத்துக்கு. ரெடியானப்புறம் அவ வந்து நின்னா, அவ்வளவுதான்." ஐம்பத்துச் சொச்சம் வயதில் ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? வருகிற சனிக்கிழமை சாயங்காலம், இந்தக் கூடத்திலேயே கல்யாணம். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெல்மாவுக்கென்று ஓர் இடம், யாருக்காகவும் எழுந்து கொடுக்க வேண்டாத இடம்.

அதற்குள்தான் இது ஆரம்பித்தது.

மறுநாள் தோட்டத்தில் காய்ந்த ரோஜாக்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெளிக்கதவுக்கு அப்பால் வழக்கம்போலச் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பையன் தினமும் ஒப்பிக்கிற பாட்டை ஆரம்பித்தான். "இதோ இந்த ஜன்னல்லதாங்க, கடைசி நாள் வரைக்கும் லெனோரா வேன்ஸ்..." அத்தோடு நிறுத்திவிட்டான். பேருந்துக்குள் கசமுசா என்று பேச்சு எழுந்தது. எல்லாரும் ஒருபக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பூப்போட்ட சட்டைக்காரி ஒருத்தி ஜன்னலை இறக்கி, தெல்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, நீங்க இங்க வேலை பாக்குறீங்களா? அவங்க செத்துட்டாங்கன்னுல்ல பேப்பர்ல போட்டான்! உசுரோட இருக்காங்கன்னு ஏன் யாரும் சொல்லல?"

தெல்மா திரும்பினாள். அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னலின் ஓரம்தான் தெரிந்தது. கொஞ்சம் திரைச்சீலை, நாற்காலியின் முதுகு, இடப்பக்கம் எரியும் விளக்கு. பட்டப்பகலில் அவள் விளக்குப் போட்டிருக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் யாருமில்லை. ஆனால் நாற்காலியில் மெத்தை அமுங்கியிருந்தது, அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது. அதன் கைப்பிடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது. தெல்மாவுக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. அன்றோடு அந்த நாற்காலி போயிற்று.

அடுத்து கட்டில். விடியற்காலையில் தாகமாக இருக்கிறதே என்று எழுந்தாள். இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவள் படுத்த இடத்தில் போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. தலையணையின் நடுவில் ஒரு குழி. குழி முழுக்க ஈரம். அறைக்குள் அந்த வாசனை, லெனோரா தொண்டைக்காக எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் கிராம்பு மிட்டாயின் காரமான தித்திப்பு, அதோடு ஐஸ் பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அந்தத் தகரக் குளிர்ச்சி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தாள். சுண்ணக்கட்டிக் கோடு. நேராக ஒன்று, குறுக்கே ஒன்று. படப்பிடிப்பில் போடுகிற அதே குறி. ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள், வெயில் ஏறியதும் அது திரும்ப வந்துவிட்டது.

கண்ணாடி போனதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை மதியம் அலங்கார மேஜைக்கு முன்னால் நின்று, கல்யாணத்துக்குப் போட வேண்டிய சின்னத் தொப்பியை ஊசி குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. "பரவாயில்லையே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடத்தில் டெலிபோன் அடித்தது. கேக் கடைக்காரன். பேசிவிட்டுத் திரும்பி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியில் கட்டில் தெரிந்தது, சுவர் தெரிந்தது, திறந்த கதவு தெரிந்தது. அவள் தெரியவில்லை. ஓர் அடி நகர்ந்தால் தெரிந்தாள். மறுபடி அந்த இடத்துக்கு வந்தால் இல்லை. மேஜைமேல் தண்ணீர் மெதுவாகப் பரவி, ஊசிப்பெட்டியைத் தொட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. லெனோரா எதையும் பிடுங்கவில்லை. எப்போதும்போல நாகரிகமாகக் காத்திருக்கிறாள். தெல்மா எழுந்த இடத்தில் உட்காருகிறாள், விலகிய இடத்தில் நிற்கிறாள். எழுந்தால்தான் வருவாள். தெல்மா எழாத இடத்துக்கு லெனோராவால் வர முடியாது.

பயத்தோடு கோபமும் வந்தது தெல்மாவுக்கு, நியாயமான கோபம். "உனக்காக எவ்வளவு எழுந்திருச்சேன்!" என்று வெறும் அறையைப் பார்த்துக் கத்தினாள். "என் கால் வீங்கி நின்னப்போ ஒரு நாளாவது உக்காருன்னு சொன்னியா? இனிமே எழுந்திருக்க மாட்டேன். நாளைக்கு மட்டும் எழுந்திருக்கவே மாட்டேன். கேட்டுக்கோ!"

குளியலறையில் ஐஸ் கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் ஒரு தடவை கேட்டது. அந்தக் கிண்ணத்தை லெனோராவின் சாவுக்கு மறுநாளே தெல்மா குப்பையில் போட்டிருந்தாள்.

சாயங்காலம் ஆர்லோ வந்தபோது அவள் அடுப்படியில் முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அடுப்படி பத்திரம். லெனோரா தன் ஆயுளில் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"ஆர்லோ, கல்யாணத்தைக் கோர்ட்டுல வச்சுக்கலாமா? நாளைக்குக் காலையில போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்."

"என்ன திடீர்னு?" அவன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "மோர்ட்டி அவன் பொண்டாட்டியோட சான் டியாகோலேர்ந்து கிளம்பிட்டான். நம்ம பசங்க எல்லாம் வர்றாங்க. பன்றித்தொடை சொல்லியாச்சு, கேக் சொல்லியாச்சு. எதுக்குப் பயப்படறே கண்ணு?"

அவள் சொன்னாள். நாற்காலி, கட்டில், கண்ணாடி, எல்லாவற்றையும். அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவன்மேல் அவளுக்குப் பிரியம் கூடியது. எழுந்து போய் அலங்கார மேஜை முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

"என் மூஞ்சி தெரியுது தெல். அதே பழைய மூஞ்சிதான், என்ன பண்றது."

"நீ நின்னா தெரியும். நான்தானே அங்கேர்ந்து விலகிப் போனேன்."

"இத்தனை வருஷம் அவளுக்காகவே இருந்துட்டே. மனசு சட்டுன்னு விடுமா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சுட்டுக் காய்த்துப்போன விளக்குக்காரன் கை. "நாளைக்கு அந்தப் பெரிய ஜன்னலாண்ட நிக்கிறோம். நாலு மணிக்கு அங்க ஒரு வெளிச்சம் வரும் பாரு, காசு கொடுத்தாலும் ஸ்டூடியோவுல கிடைக்காது. நீ அசையாம நின்னாப் போதும். நீ நிக்கிறதுல கெட்டிக்காரியாச்சே!"

அசையாமல் நின்றால் போதும். அதை அவள் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தை நடத்திவைக்க வருகிற நீதிபதி கேட்பார், அவன் சம்மதம் என்பான், அவள் சம்மதம் என்பாள். அதுவரைக்கும் குறியை விட்டு நகரக் கூடாது. அப்புறம் அந்த இடம் அவளுடையது, ஆர்லோ அவளுடையவன். யார் காத்திருந்தாலும் காத்திருந்துகொண்டே இருக்கட்டும். அன்றிரவு அடுப்படித் தரையில் ஒரு கம்பளியைப் போட்டுப் படுத்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ நின்றார்கள். நடக்கவில்லை, தட்டவில்லை. சும்மா நின்றார்கள். கதவிடுக்கு வழியாகக் கிராம்பு வாசனை வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காற்று நின்றுபோய், சூடு மட்டும் இருந்தது. ஆட்கள் வந்தார்கள். மோர்ட்டி தொந்தி முன்னால் வர, கையில் பூங்கொத்தோடு நுழைந்து அவளைத் தட்டாமாலை சுற்றிவிட்டான்.

"அடேயப்பா, என்னா அழகு! ஆர்லோ, உன் மூஞ்சிக்கு இது அதிகம்டா!"

"போய்யா" என்று தெல்மா அவன் தோளில் தட்டினாள். சிரிக்கக்கூட முடிந்தது. விளக்குக்காரர்கள் நாலைந்து பேர், ஒப்பனைக்காரி ஒருத்தி, ரிட்டையரான நீதிபதி ஒருவர், அவ்வளவுதான் கூட்டம். காப்பி வாசனை, பன்றித்தொடை வாசனை, சுருட்டு வாசனை. மனிதர்கள் நிறைந்த வீட்டில் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். கல்யாணத்துக்கென்று தைத்த சந்தன நிறச் சட்டையும் பாவாடையும் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

ஜன்னலருகே தரையில் ஒரு சுண்ணக்கட்டிக் குறி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். ஆர்லோ கண்ணடித்தான். "இது நான் போட்டது. பயப்படாதே. உனக்காகத்தான்."

அவள் குறியில் போய் நின்றாள். இரண்டு குதிகாலையும் கோட்டில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெயில் ஜன்னலின் இடப்பக்கத்து மேல் கண்ணாடி வழியாக இறங்கி, மூக்கைத் தாண்டி, கன்னத்து எலும்பில் வந்து உட்கார்ந்தது. இதமான சூடு. ஆர்லோ எதிரே வந்து நின்று டையைச் சரி செய்தான். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மேல்சட்டைப் பையில் இல்லை, உள்பையில் இல்லை, எல்லாரும் சிரித்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் ஐஸ் இடித்தது.

யாரோ பானம் கலக்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி இடித்தது. பிறகு முகம் தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம். பிறகு முகம் வெளியே வருகிற சத்தம், மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு. பின்கழுத்தில் குளிர் பட்டது. கழுத்தோரத்து முடி நனைந்தது. திரும்பக் கூடாது. நகரக் கூடாது. குதிகாலை இன்னும் அழுத்தினாள். கிராம்பு வாசனை காப்பி வாசனையை மூடிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு. தரையில். குறிக்கு ஓர் அங்குலம் பின்னால். இன்னொரு சொட்டு.

சம்மதம் சம்மதம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். கேளுங்களேன் ஐயா. சீக்கிரம் கேளுங்களேன்.

நீதிபதியின் மூக்குக்கண்ணாடி அவர் நெற்றிமேலேயே இருந்தது. கண்டுபிடித்துக் கீழே இறக்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. ஆர்லோ அவளைப் பார்த்துத் தலையசைத்தான்; ஆயிற்று, இன்னும் ஒரு நிமிஷம்தான். மோர்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் யாருக்கோ இடம் காத்து நின்றவள் இன்றைக்கு அவளே நாயகி என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பாவி மனுஷன், நல்ல மனசோடுதான் செய்தான். அவளைக் கௌரவப்படுத்தத்தான் செய்தான். கையை வாயில் குவித்துக்கொண்டு, கூடம் அதிரக் கத்தினான்.

"முதல் அணி!"

தெல்மா ஒதுங்கிவிட்டாள்.

யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. கால் தானாக நகர்ந்தது. இடப்பக்கம், பின்னால், வெளிச்சத்தை விட்டு நிழலுக்குள். கையை முன்னால் கோத்துக்கொண்டு, தலையை லேசாகக் குனிந்து. எப்போதும்போல.

ஐயோ.

திரும்பக் குறியைப் பார்த்தாள். குறியில் ஆள் இருந்தது.

சந்தன நிறச் சட்டை. சின்னத் தொப்பி. அவளுடைய முதுகு. ரயில் நிலையத்தில் ஊரெல்லாம் பார்த்து அழுத முதுகு. தெல்மா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். கை இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது.

"ஆர்லோ!" என்று அலறினாள். காப்பிக் கோப்பையோடு நின்ற ஒப்பனைக்காரி அவளுக்குள் கையை நீட்டிச் சர்க்கரையை எடுத்துக்கொண்டாள். "மோர்ட்டி! ஆர்லோ! இது நான் இல்ல! பாரு, ஆர்லோ, பாரு!" யாரும் திரும்பவில்லை. அவள் காதுக்கே சத்தம் கேட்கவில்லை.

மணப்பெண் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று தோலாலேயே தேடிக் கண்டுபிடிக்கிற திருப்பம். தெல்மாவுக்கு அது ஒருநாளும் வராது. கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு நின்றது. "அம்மாடி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மணப்பெண்ணின் தாடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கிக் காலரில் ஊறியது.

நீதிபதி கேட்டார்.

"சம்மதம்" என்றாள் அவள். தெல்மாவின் குரல். ஆனால் தெல்மா இவ்வளவு நிதானமாக எதையும் சொன்னதில்லை.

அப்போது ஆர்லோ அவளை உற்றுப் பார்த்தான். தெல்மா அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். முதலில் அவன் புருவம் சுருங்கியது. கண் கன்னத்து எலும்புக்குப் போயிற்று, மூக்கின் நிழலுக்குப் போயிற்று, உதட்டுக்கு வந்தது. அவன் உதடு வெளுத்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். சொல்லு ஆர்லோ. இது தெல் இல்லன்னு சொல்லு. கையை உதறு. கத்து.

அவன் வாய் திறந்தது. கை மேலே எழுந்தது. அவன் தோளின் நிழல் அந்த இடது கன்னத்தில் ஒரு மூலையாக விழுந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

பிறகு, அரையடி ஒதுங்கி, தன் நிழலை அந்த முகத்திலிருந்து எடுத்துக்கொண்டான்.